நாட்டுக்கோழிக்குக் காவல் நாய்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தோட்டத்து வீட்டில் 20 முதல் 100 நாட்டுக்கோழி வரை மேயவிட்டு வளர்ப்பவர்களுக்கானது இந்தப் பக்கம். கோழிக்குக் காவலாக நாய் வைக்க நினைப்பவர்களும், வைத்த நாயே கோழியைக் கடித்துவிட்டதே என்று திகைத்து நிற்பவர்களும் கேட்கிற கேள்விகளுக்கு இதில் கூடுதல் இடம் கொடுத்திருக்கிறோம்.

நாய் இருந்தால் கோழிக்கூடு ஏனோதானோ என்று இருந்தாலும் பரவாயில்லையா?

பரவாயில்லை என்று நினைத்த தோட்டங்களில்தான் ஒரே இரவில் பத்துக் கோழி போகிறது. நாயின் வேலை எதிரியை வேலிக்கு வெளியே நிறுத்துவது, வந்தால் குரல் கொடுப்பது. மரநாய் தென்னையிலிருந்து கூரைக்குத் தாவி, ஓட்டின் இடுக்கு வழியாக உள்ளே இறங்கிவிடும். அப்போது கீழே நின்று குரைப்பதைத் தவிர நாயால் எதுவும் செய்ய முடியாது. பாம்புக்கும் பெருச்சாளிக்கும் இதே கதைதான். இரவுக் காவல் கூட்டின் பொறுப்பு. பகல் மேய்ச்சலும் வேலி ஓரமும் நாயின் பொறுப்பு.

கூட்டுக்கு வளர்ந்த கோழி ஒன்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு சதுர அடி வேண்டும். நீளவாக்கு கிழக்கு மேற்காக இருந்தால் வெயில் நேராக உள்ளே இறங்காது. கோழி வலை என்று கடையில் கொடுக்கும் அறுகோண வலை கோழி வெளியே போகாமல் தடுக்க மட்டுமே உதவும். தெருநாய் அதைப் பல்லால் கிழித்துவிடும், கீரி கண்ணிக்குள் புகுந்துவிடும். தரையிலிருந்து மூன்றடி உயரம் வரைக்குமாவது அரை அங்குலக் கண்ணியுள்ள வெல்டு மெஷ் அடியுங்கள். அதையே ஓரடி ஆழம் மண்ணுக்குள் இறக்கிப் புதைத்தால் தோண்டிக்கொண்டு வருவது நின்றுபோகும். அல்லது கூட்டை இரண்டு மூன்றடி உயரக் கால்களின் மேல் நிறுத்துங்கள். கூரைக்கும் சுவருக்கும் இடையில் கட்டைவிரல் நுழையும் சந்து எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் வலை வேண்டும். கதவுக்குக் கயிற்றுக் கட்டு வேண்டாம், தாழ்ப்பாள் போடுங்கள்.

மசங்கும் நேரத்தில் கோழி தானாக அடையும். அடைந்ததும் எண்ணிவிட்டுக் கதவைச் சாத்துங்கள். இந்த எண்ணும் பழக்கம் விட்டுப்போனால், திருட்டு நடந்து நான்கு நாள் கழித்துத்தான் தெரியவரும்.

எந்த இன நாய் பொருத்தம்?

ஆடுமாடு காக்கவே பிறந்த இனங்கள் என்று உலகத்தில் பேர் பெற்றவை துருக்கியின் கங்கால், பிரான்ஸ் ஸ்பெயின் எல்லையிலுள்ள பிரனீஸ் மலை நாய், இத்தாலியின் மரேம்மா. நம் நாட்டில் இமயமலைப் பக்கம் கத்தி (Gaddi), பக்கர்வால் என்ற இன நாய்கள் உண்டு. குளிர்மலைக்காக அடர்ந்த ரோமத்தோடு வந்த இனங்களைக் கத்திரி வெயிலில் ஈரோட்டிலோ மதுரையிலோ வளர்ப்பது அந்த உயிருக்குச் செய்யும் கொடுமை. பணத்தைக் கொட்டி அவற்றை வாங்காதீர்கள்.

நம் இனங்களில் கோம்பை நல்ல காவல் நாய். தன் எல்லையை விட்டுக் கொடுக்காது. ராஜபாளையமும் காவலுக்கு உகந்தது. ஆனால் அந்த வெள்ளை இனத்தில் பிறவிச் செவிடு கொஞ்சம் கூடுதலாகவே காணப்படுகிறது, தோல் நோயும் எளிதில் வரும். சிப்பிப்பாறையும் கன்னியும் ஓடுவதைக் கண்டால் துரத்துவதற்கென்றே தலைமுறை தலைமுறையாக வளர்த்தெடுக்கப்பட்ட வேட்டை நாய்கள். கோழி சிறகடித்து ஓடும்போது அவற்றின் ரத்தம் சும்மா இருக்காது. பழக்க முடியாது என்றில்லை, ஆனால் முதல்முறை நாய் வளர்ப்பவருக்கு அது கடினமான பாடம்.

எங்கள் பரிந்துரை, கோழியும் ஆடும் உள்ள தோட்டத்தில் ஈன்ற நாட்டு நாயின் குட்டி. தாய் நாய் கோழிகளுக்கு நடுவே படுத்துக் கிடப்பதை உங்கள் கண்ணால் பார்த்துவிட்டு வாங்குங்கள். அதற்கு ஈடான சான்றிதழ் வேறு இல்லை.

குட்டியைத் தேர்ந்தெடுக்கும்போது எதைப் பார்ப்பது?

எட்டு வாரம் தாய்ப்பாலும் கூடப்பிறந்ததுகளின் கடியும் பட்ட குட்டியாக இருக்கட்டும். முப்பது நாளில் பிரித்து வந்த குட்டிக்கு எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்ற அளவே தெரியாது. அதற்கு விளையாட்டுக்கும் கடிக்கும் வேறுபாடு இல்லை.

குட்டிகள் முன்னால் ஒரு துணியைக் கயிற்றில் கட்டித் தரையில் இழுங்கள். பாய்ந்து கவ்வி உதறும் குட்டி வேண்டாம். நின்று பார்த்து, பின்னால் வந்து மோந்துவிட்டு விலகும் குட்டியை எடுங்கள். அது உங்களைப் பார்க்காமல் இருக்கும்போது பின்னாலிருந்து கைதட்டிக் காது கேட்கிறதா என்றும் பாருங்கள். மல்லாக்கப் படுக்கவைத்து மார்பில் கை வைத்தால் கொஞ்சம் திமிறிவிட்டு அடங்குவது நல்ல குணம்.

இரண்டு குட்டிகளை ஒரே நேரத்தில் வாங்காதீர்கள். ஒன்றுக்கொன்று விளையாட்டுத் துணையாகி, மூன்றாவது விளையாட்டுப் பொருளாகக் கோழி அகப்படும். இரண்டு ஏக்கருக்கு மேல் இருந்து இரண்டாவது நாய் தேவைப்பட்டால், முதலாவது பழகி முடிந்து இரண்டு வயது ஆனபிறகு கொண்டுவாருங்கள். மூத்தது பாதிப் பாடத்தைச் சொல்லிக் கொடுத்துவிடும்.

கோழியோடு குட்டியை எப்படிப் பழக்குவது?

ஆட்டுக்குக் காவல் பழகுவதைவிடக் கோழிக்குப் பழகுவது சிரமம். ஆடு திரும்பி முட்டும், நாயோடு சேர்ந்து படுக்கும். கோழியோ கத்தி, சிறகடித்து, ஓடி, இளம் நாயின் கண்ணுக்கு விளையாட்டாகவே தெரியும். அதனால் அவசரம் கூடாது. முழு நம்பிக்கை வைக்க ஒன்றரை முதல் இரண்டு வருடம் ஆகும்.

முதல் இரண்டு வாரம் குட்டியின் இடம் கோழி மேய்கிற பகுதியை ஒட்டி, நடுவில் வலையோடு இருக்கட்டும். கோழி வாசமும் சத்தமும் அதற்கு அலுத்துப்போக வேண்டும். அலுப்புத்தான் நமக்குத் தேவை. மூன்றாவது வாரத்திலிருந்து காலை ஒருமுறை, மாலை ஒருமுறை, கால் மணி நேரம் வாரில் பிடித்துக் கோழிகளுக்கு நடுவே நடங்கள். பேச்சு வேண்டாம், தடவல் வேண்டாம், மெதுவான நடை மட்டும். தீனி போடும்போது, முட்டை எடுக்கும்போது, கூடு கூட்டும்போது கூட்டிக்கொண்டு போங்கள்.

இந்த நடையில் நீங்கள் கவனிக்க வேண்டியது குட்டியின் கண்ணையும் வாலையும். தலை தாழ்ந்து, கழுத்து முன்னே நீண்டு, முன்னங்கால் ஒன்று தூக்கியபடி நிற்க, வால் அசைவில்லாமல் விறைத்து, பார்வை ஒரே கோழியின் மேல் ஒட்டிக்கொண்டிருந்தால் அடுத்த நொடி பாய்ச்சல்தான். அந்தப் பார்வை ஒட்டிய கணத்திலேயே ‘ஏய்’ என்று ஒரு அழுத்தமான சொல் சொல்லி எதிர்ப்பக்கம் திரும்பி நடங்கள். பாய்ந்தபிறகு அதட்டுவது காலம் கடந்த வேலை. மாறாக, குட்டி கோழியைப் பார்த்துவிட்டுத் தானாக முகத்தைத் திருப்பினால், மண்ணை மோந்தால், கொட்டாவி விட்டால், உட்கார்ந்தால், அப்போதே ஒரு சிறு துண்டு வேகவைத்த ஈரலைக் கொடுங்கள். கோழியிலிருந்து கண்ணை எடுத்தால் நல்லது கிடைக்கும் என்ற ஒன்றே அதன் மண்டையில் ஏற வேண்டிய பாடம்.

நான்காவது மாதத்திலிருந்து 15 முதல் 20 அடி நீளக் கயிற்றில், மறுமுனை தரையில் புரள விட்டுவிடுங்கள். பாய்ந்தால் கயிற்றை மிதித்தால் போதும். குஞ்சோடு இருக்கும் தாய்க்கோழி குட்டியின் மூக்கில் ஒரு கொத்து வைத்தால் தடுக்காதீர்கள். சிறகை விரித்து, பிடரி சிலிர்த்து அது ஓடிவரும் அந்த ஒரு காட்சி உங்கள் ஒரு மாத உழைப்புக்குச் சமம். கண்ணில் படாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

யாரும் பக்கத்தில் இல்லாத நேரத்தில் கோழியையும் குட்டியையும் ஒன்றாக விடவே கூடாது. ஒருமுறை துரத்திப் பார்த்து ருசி கண்டுவிட்டால், அந்த ஒரு நிமிடத்தை அழிக்க மூன்று மாதம் ஆகும். வீட்டுப் பிள்ளைகள் குட்டியோடு ஓடிப்பிடித்து விளையாடுவது, பந்தை வீசித் துரத்தவிடுவது ஆகியவையும் முதல் வருடம் வேண்டாம்.

எட்டு மாதம் சமர்த்தாக இருந்தது. திடீரென்று ஒரு வெடைக்கோழியைக் கொன்றுவிட்டது. ஏன்?

ஆறு முதல் பன்னிரண்டு மாதம் வரை நாய்க்கு விடலைப் பருவம். உடம்பு வளர்ந்திருக்கும், அடக்கம் வளர்ந்திருக்காது. இந்த வயதில் பெரும்பாலான கொலை பசியால் நடப்பதில்லை. கோழி ஓடும், நாய் முன்னங்காலால் அழுத்தும், வாயில் கவ்வும், கோழி அசையாமல் போனதும் ‘என்ன ஆச்சு’ என்பதுபோல மோந்துகொண்டு நிற்கும். இறந்த கோழியைப் பாருங்கள். முதுகு இறகு பிய்ந்து, உடம்பெல்லாம் எச்சில் நனைந்து, சதை தின்னப்படாமல் இருக்கும்.

அடிக்காதீர்கள். அடித்தால், நீங்கள் இருக்கும்போது கோழியைத் தொடக்கூடாது என்பதை மட்டும் கற்றுக்கொள்ளும். பிணத்தை அமைதியாக எடுத்து அப்புறப்படுத்திவிட்டு, நீளக் கயிற்றுக்குத் திரும்பிப் போய்ப் பழைய பாடத்தை முதலிலிருந்து தொடங்குங்கள். கூடவே அதன் சக்திக்கு வடிகால் வேண்டும். அதிகாலை அரை மணி நேரம் தோட்டத்து எல்லையைச் சுற்றிக் கூட்டிப் போங்கள். எல்லை எது என்று நாய் கற்பதும் அந்த நடையில்தான்.

இரண்டு வயது தாண்டியும் தனியாக இருக்கும்போது கொன்று தின்கிற நாய் கோழிக்காவலுக்கு ஆகாது. வீட்டு வாசல் காவலுக்கு வைத்துக்கொள்ளுங்கள், கோழி மேயும் பகுதியை வேலியால் பிரித்துவிடுங்கள்.

செத்த கோழியை நாயின் கழுத்தில் கட்டினால் திருந்தும் என்கிறார்களே?

திருந்தாது. அழுகும் பிணத்தோடு நான்கு நாள் திரிகிற நாய்க்கு, என்றோ துரத்தியதற்கான தண்டனை இது என்று எப்படிப் புரியும்? அழுகின சதையிலிருந்து நோய் வரும், புழு வைக்கும், வாய்க்கு எட்டினால் தின்றும் விடும். இந்த வழக்கம் ஒழிய வேண்டும்.

பகலில் சங்கிலியில் கட்டி, இரவில் அவிழ்த்துவிடலாமா?

பகலில் நிழலில் சில மணி நேரம் கட்டுவதில் தவறில்லை. நாள் முழுக்கக் கட்டுவது நாயைக் கெடுக்கும். கோழி கண் முன்னே மேய, எட்டாமல் சங்கிலியில் திமிறிக்கொண்டே இருக்கும் நாய்க்குள் ஆவேசம் ஏறிக்கொண்டே போகும். அவிழ்த்த அன்றைக்கு அது எங்கே போய் இறங்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. கட்டுவதற்குப் பதில் பத்துக்குப் பத்தடி கம்பி அடைப்பு, வேப்ப மர நிழல், கூரை வேய்ந்த ஒரு மேடை இருந்தால் போதும். இரவில் அவிழ்த்துவிடும்போது தோட்டத்துக்குச் சுற்றுவேலி இருக்க வேண்டும். இல்லையென்றால் உங்கள் காவல் நாய் பக்கத்துத் தோட்டத்துக்குத் திருட்டு நாய்.

கோழியைத் தூக்கியது யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

நாயை அடிப்பதற்கு முன்னால் இதைப் படியுங்கள். குற்றமில்லாத நாய் அடிபடுவதை அடிக்கடி பார்க்கிறோம்.

பிணம் கிடைத்தால் வெளிச்சத்தில் வைத்து, கழுத்திலும் முதுகிலும் இறகை விலக்கிப் பாருங்கள். கோரைப் பற்கள் பதிந்த இரண்டு ஓட்டைகளுக்கு நடுவே ஒரு விரல் அகலம்கூட இல்லை, அதுவும் கழுத்தில் என்றால் கீரி. பெரும்பாலும் பட்டப்பகலில் நடந்திருக்கும், பக்கத்தில் முட்டைகளும் உடைந்திருக்கும். இரண்டு மூன்று விரல் இடைவெளி என்றால் நாய். பல கோழிகள் அங்கங்கே சிதறி, தின்னப்படாமல், வலையும் கிழிந்திருந்தால் தெருநாய்க் கூட்டம் விடிகாலையில் வந்து போயிருக்கிறது. இரவில் கூட்டுக்குள்ளேயே தலையும் கழுத்தும் கடிபட்டு ஒன்றுக்கு மேல் கிடந்தால் மரநாயைச் சந்தேகப்படுங்கள். கூரை வழியைத் தேடுங்கள். கோழியே காணோம், இறகு மட்டும் வேலி வரை வரிசையாகச் சிந்தியிருக்கிறது என்றால் காட்டுப்பூனை அல்லது நரி.

குஞ்சு இறந்து கிடக்கிறது, தலையும் தோளும் மட்டும் ஈரமாகப் படிந்திருக்கிறது என்றால் பாம்பு விழுங்கப் பார்த்து முடியாமல் விட்டிருக்கிறது. ஓடுகூட மிச்சமில்லாமல் முட்டை மறைவதும் பெரும்பாலும் அதன் வேலைதான். குஞ்சின் கால் கடிபட்டிருந்தாலோ வளைக்குள் பாதி இழுபட்டிருந்தாலோ பெருச்சாளி. பகலில் சுவடே இல்லாமல் குஞ்சு குறைந்தால் மேலே பாருங்கள். காகம், வல்லூறு, பருந்து மூன்றும் எடுக்கும். முதல் பத்து நாள் தாயையும் குஞ்சுகளையும் கொடாப்புக்குள் (கோழியைக் கவிழ்த்து மூடும் கூடை) வைத்துத் தீனி போடுவதும், மேய்ச்சல் நிலத்தில் முருங்கை, அகத்தி, செடி அவரை என்று ஒதுங்க நிழல் வைப்பதும்தான் வானத்து எதிரிக்கு மருந்து. நல்ல நாய் காகத்தைப் பார்த்தும் குரைக்கக் கற்றுக்கொள்ளும். அதைத் தடுக்காதீர்கள்.

கீரியையும் மரநாயையும் பொறி வைத்துப் பிடிக்கலாமா, மருந்து வைக்கலாமா?

கூடாது. கீரி, மரநாய், காட்டுப்பூனை, நரி எல்லாமே 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பில் உள்ளவை. கொல்வதும் பிடிப்பதும் குற்றம். நாயை ஏவி வேட்டையாடுவதும் அதில் அடங்கும். மருந்து வைத்தால் முதலில் சாவது உங்கள் நாயாகத்தான் இருக்கும். மருந்து தின்ற எலியைக் கவ்வினாலும் நாய்க்கு ஆபத்து. கீரி இருக்கிற தோட்டத்தில் பாம்பும் எலியும் கட்டுக்குள் இருக்கும் என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

நாய்க்கு என்ன போடுவது? கோழிக்கழிவு போடலாமா?

20 முதல் 25 கிலோ எடையுள்ள நாய்க்குக் கடைத் தீவனம் என்றால் நாளைக்கு ஏறக்குறைய 350 முதல் 450 கிராம், இரண்டு வேளையாக. வீட்டுச் சாப்பாடு என்றால் வெறும் சோறும் மோரும் போதாது. கேழ்வரகுக் களி அல்லது சோற்றோடு வேகவைத்த இறைச்சி, ஈரல், மீன், முட்டை என்று ஏதாவது ஒன்று தினமும் வேண்டும். புரதம் குறைந்த நாய் அதை வேறிடத்தில் தேடும். பக்கத்திலேயே கோழி இருக்கிறது.

கோழி அறுத்த குடலையும் இறகையும் பச்சையாக எறியாதீர்கள். சால்மோனெல்லா போன்ற கிருமி ஒருபக்கம், கோழி என்றால் தீனி என்ற ருசி ஒருபக்கம். வேகவைத்த எலும்பு சில்லாக உடைந்து குடலைக் கிழிக்கும், அதுவும் வேண்டாம். வெங்காயம், திராட்சை, சாக்லேட் மூன்றும் நாய்க்கு நஞ்சு.

நாய்க்குச் சாப்பாடு வைக்கும் இடத்தில் கோழி வரக்கூடாது. தட்டில் கொத்த வந்த கோழியை நாய் கடித்தால் அது கொலைவெறி இல்லை, சாப்பாட்டைக் காக்கும் இயல்பு. கோழி அடைந்தபிறகு சாப்பாடு வையுங்கள், சிக்கலே இல்லை.

நாய் முட்டை குடிக்கிறது, எப்படி நிறுத்துவது?

முட்டை தரையில் கிடப்பதுதான் காரணம். ஐந்து கோழிக்கு ஒன்று என்ற கணக்கில், ஓரடிக்கு ஓரடி அளவில் முட்டைப் பெட்டியோ வைக்கோல் போட்ட கூடையோ மூன்றடி உயரத்தில், நாயின் தலை நுழையாத வாசலோடு வையுங்கள். காலை 10 மணிக்கும் மாலை 4 மணிக்கும் முட்டை எடுங்கள். நாய்க்கு முட்டை கொடுக்க விரும்பினால் வேகவைத்து, உரித்து, சோற்றில் பிசைந்து கொடுங்கள். முழு முட்டையின் உருவத்தை அது தீனியோடு இணைத்துப் பார்க்கக் கூடாது.

கோழித் தீவனத்தை நாய் தின்றால் ஆபத்தா?

வீட்டில் கலந்த தானியம் என்றால் வயிறு கெடும், அவ்வளவுதான். கடையில் வாங்கிய பிராய்லர், குஞ்சுத் தீவனங்களில் ரத்தக்கழிச்சலைத் தடுக்க மோனென்சின், சாலினோமைசின் போன்ற மருந்துகள் கலந்திருக்கலாம். அவை நாய்க்கு நஞ்சு. பின்னங்கால் தளர்ந்து எழ முடியாமல் படுத்துவிடும். மூட்டையை மூடியுள்ள டிரம்மில் வையுங்கள். தின்றுவிட்டது என்று தெரிந்தால் பையில் அச்சிட்ட மருந்துப் பெயரோடு மருத்துவரிடம் ஓடுங்கள்.

மேயவிட்ட கோழிக்குத் தனியாகத் தீனி எவ்வளவு?

வளர்ந்த நாட்டுக்கோழி நாளைக்கு 80 முதல் 100 கிராம் தின்னும். நல்ல மேய்ச்சல் இருந்தால் பாதியை அதுவே தேடிக்கொள்ளும். காலையில் கொஞ்சம், மாலையில் 30 முதல் 50 கிராம் கொடுத்தால் போதும். மாலைத் தீனிதான் கோழியைக் கூட்டுக்குத் திரும்ப வைக்கும் கயிறு. வீட்டில் கலக்க, 100 கிலோவுக்கு மக்காச்சோளம் 40, கம்பு அல்லது சோளம் 15, அரிசித் தவிடு 17, கடலைப் புண்ணாக்கும் சோயாவும் சேர்த்து 18, உப்பில்லாத கருவாட்டுத்தூள் 8, தாது உப்புக் கலவை 2. புண்ணாக்கில் பூஞ்சை வாடை அடித்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள், அந்த நஞ்சு ஈரலைத் தின்றுவிடும். முட்டையிடும் கோழிக்குக் கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள், வேண்டியதை அதுவே எடுத்துக்கொள்ளும்.

குஞ்சுக்குக் கரையானைப்போல ஒரு தீனி கிடையாது. பழைய மண்பானையில் கிழிந்த கோணி, காய்ந்த சாணம், மக்கிய ஓலை ஆகியவற்றைத் திணித்து, நீர் தெளித்து, சாயங்காலம் கரையான் நடமாடும் இடத்தில் வாய் தரையில் படும்படி கவிழ்த்து வையுங்கள். மறுநாள் விடிந்ததும் நிமிர்த்தினால் உள்ளே வெள்ளை வெள்ளையாக நெளியும். வெயில் ஏறுவதற்குள் குஞ்சுகள் முன்னால் கொட்டிவிட வேண்டும், தாமதித்தால் கரையான் மண்ணுக்குள் இறங்கிவிடும். அந்த நேரத்தில் நாயைக் கட்டிவையுங்கள். குஞ்சுகள் அலைமோதும்போது அதற்கும் கால் சும்மா இருக்காது.

அடை வைக்கும்போது முட்டை ஏன் நிறையக் கூமுட்டையாகிறது?

மூன்று காரணம். சேவல் போதாமை: 8 முதல் 10 பெட்டைக்கு ஒரு சேவல் வேண்டும். பழைய முட்டை: ஏழு நாளுக்கு மேல் வைத்ததை அடைக்கு வைக்காதீர்கள், கோடையில் நான்கு நாளே அதிகம். மூன்றாவது, கழுவிய முட்டை. ஓட்டின் மேலுள்ள மெழுகுப் படலம் போனால் கிருமி நுழைந்துவிடும். ஒரு கோழிக்கு 10 முதல் 13 முட்டை வையுங்கள். ஏழாவது நாள் இரவில் டார்ச் ஒளியில் பாருங்கள். சிலந்தி வலைபோல ரத்த நாளம் தெரிந்தால் கரு இருக்கிறது, கண்ணாடிபோலத் தெளிவாக இருந்தால் எடுத்துவிடுங்கள். 21-ஆம் நாள் பொரிக்கும். அடைக்கோழி இருக்கும் அறைக்குப் பக்கத்தில் நாயின் படுக்கை வேண்டாம். அடிக்கடி எழுந்து கோபத்தில் நிற்கும் கோழி முட்டையைக் குளிரவிட்டுவிடும்.

வெள்ளைக்கழிச்சலுக்கு மருந்து என்ன?

வந்தபிறகு மருந்து இல்லை. 1920-களின் கடைசியில் இந்தியாவில் முதலில் கண்டறியப்பட்ட மலைநகரின் பெயரால் இதை இன்றும் ராணிக்கெட் நோய் என்கிறோம். பச்சையும் வெள்ளையுமாகக் கழிச்சல், வாயைத் திறந்து மூச்சு வாங்குவது, கழுத்து முறுக்கிக்கொள்வது, சிறகும் காலும் விழுவது, இவை அடையாளம். கீழாநெல்லி, சீரகம், மஞ்சள், மிளகு அரைத்துக் கொடுப்பது கோழியைத் தாங்கிப் பிடிக்கலாம், வைரஸை விரட்டாது. தடுப்பூசி ஒன்றே காப்பு.

குஞ்சுக்கு ஏழாவது நாள் எஃப்-1 அல்லது லசோட்டா தடுப்பு மருந்து, கண்ணில் ஒரு சொட்டு. நான்காவது வாரம் லசோட்டா மறுபடி, குடிநீரில். அதற்கு முன் இரண்டு மணி நேரம் தண்ணீரை எடுத்துவிட்டு, குளோரின் இல்லாத கிணற்று நீரில் லிட்டருக்கு 5 கிராம் கொழுப்பெடுத்த பால் பொடி கலந்து, அதில் மருந்தைக் கரைத்து, இரண்டு மணி நேரத்தில் குடித்து முடியும்படி வையுங்கள். எட்டாவது வாரம் ஆர்2பி ஊசி, இறக்கையின் தோலுக்கு அடியில் அரை மில்லி. அதற்கு ஒரு வாரம் முன் குடற்புழு நீக்கம் செய்திருக்க வேண்டும். ஆர்2பி வீரியம் கூடியது, சின்னக் குஞ்சுக்குப் போட்டால் அதுவே நோயைக் கொடுத்துவிடும். மருந்து வாங்கிய கையிலிருந்து கோழி வரைக்கும் ஐஸ் வேண்டும். பெரும்பாலும் தடுப்பூசி பலிக்காமல் போவது பஸ்ஸில் பையில் வெந்துபோன மருந்தால்தான். கை கழுவாமல் உங்கள் கண்ணைத் தொடாதீர்கள், கண் சிவந்துவிடும்.

சந்தையில் வாங்கிய கோழியை மூன்று வாரம் தனியாக அடையுங்கள். செத்த கோழியைச் சுண்ணாம்பு போட்டு மூன்றடி ஆழத்தில் புதையுங்கள். இந்த நோய் நாயைத் தாக்காது, ஆனால் பக்கத்துத் தோட்டத்துப் பிணத்தை இழுத்துவரும் நாய் வாயிலும் காலிலும் கிருமியைக் கொண்டுவந்து சேர்க்கும். சுற்றுவேலி வேண்டும் என்று முன்பே சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

நாய்க்கு என்னென்ன தடுப்பூசி? கீரியோடு சண்டை போட்டால்?

ஆறு முதல் எட்டு வாரத்தில் பார்வோ, டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசி. 16 வாரம் வரை மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை மறுபடி. எலி நடமாடும் தோட்டம் என்பதால் எலிக்காய்ச்சல் எனப்படும் லெப்டோஸ்பைரோசிஸுக்கான மருந்தும் அதில் இருக்கிறதா என்று கேளுங்கள். மூன்றாவது மாதம் வெறிநாய்க்கடித் தடுப்பூசி, பிறகு வருடம் தவறாமல். குடற்புழு மருந்து 12 வாரம் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை.

கீரி, நரி, தெருநாய் மூன்றுமே வெறிநோயைக் கடத்தும். சண்டை போட்ட நாயின் காயத்தைக் கையுறை போட்டு, சோப்பும் ஓடும் தண்ணீரும் விட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, தடுப்பூசி ஏற்கெனவே போட்டிருந்தாலும் மருத்துவரிடம் காட்டி மறு ஊசி போடுங்கள். உங்கள் மேல் பல்லோ எச்சிலோ பட்டிருந்தால் நீங்களும் அதேபோலக் கழுவிவிட்டு அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.

கோழி கொத்துவதால் நாய்க்கு உண்ணி வராதாமே?

படுத்திருக்கும் நாயின் மேலிருந்து கோழி உண்ணி பொறுக்குவது உண்மை, பார்க்க அழகு. ஆனால் காதுக்குள்ளும் விரலிடுக்கிலும் இருப்பதை அது எடுக்காது. உண்ணிக் காய்ச்சலில் நாய் சாப்பாட்டை வெறுக்கும், ஈறு வெளுக்கும், மூக்கில் ரத்தம் வரலாம். வாரம் ஒருமுறை விரலால் தடவிப் பார்த்து, மருத்துவர் சொன்ன மருந்தைப் போடுங்கள். நாய்க்குத் தெளிக்கும் மருந்தைக் கோழிக்கூட்டில் தெளிக்காதீர்கள், தெளித்த நாயைக் காயும்வரை கோழியிடம் விடாதீர்கள். கோழிக்குச் செள்ளு (இறகுக்குள் ஒட்டும் சிறு பூச்சி) வந்தால் சாம்பல், மணல், வேப்பிலைத்தூள் கலந்த குழி ஒன்று போதும். அதில் புரண்டு எழுந்துகொள்ளும்.

கோடையில் இரண்டையும் எப்படிக் காப்பது?

நிழலும் தண்ணீரும்தான் எல்லாம். கோழிக்கு மண்சட்டியில் தண்ணீர், பகலில் மூன்றுமுறை மாற்றி. தீனி காலை 8 மணிக்கு முன்னும் மாலை 5 மணிக்குப் பின்னும். கூட்டின் பக்கவாட்டில் ஈரச்சாக்கு தொங்கவிடுங்கள். நாய் ஈரமண்ணில் குழி தோண்டிப் படுத்தால் திட்டாதீர்கள், அது தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது. இளைப்பு நிற்காமல், ஈறு செங்கல் நிறமாகி, தள்ளாடினால் வெப்பத் தாக்கு. ஐஸ் வேண்டாம், சாதாரணத் தண்ணீரை வயிற்றிலும் தொடையிடுக்கிலும் ஊற்றிக்கொண்டே மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

சிறுத்தை நடமாடும் பகுதியில் நாய் வைக்கலாமா?

வால்பாறை, நீலகிரி, சத்தியமங்கலம் பக்கம் சிறுத்தைக்கு நாய் விருப்ப இரை. இமயமலையில் ஆட்டிடையர்கள் நாயின் கழுத்தில் முள் வைத்த இரும்புப் பட்டை மாட்டுவது இதற்காகத்தான், சிறுத்தை முதலில் கவ்வுவது கழுத்தை. அந்த ஊர்களில் இருட்டியபிறகு நாயை வெளியே விடவே கூடாது. சங்கிலியில் கட்டி வாசலில் விடுவது இன்னும் மோசம், தப்பி ஓடக்கூட வழியில்லை. மேற்பக்கமும் கம்பியால் மூடிய அறையில், கோழிக்கூட்டுக்கு அடுத்த சுவரில் படுக்கவையுங்கள். உள்ளிருந்து குரைத்தாலே நீங்கள் விழித்துக்கொள்வீர்கள். விளக்கைப் போட்டுச் சத்தம் கொடுங்கள், வெளியே இறங்கிப் போகாதீர்கள்.